உப்பளக் கரையும் கண்ணாடித் தொட்டியும்: சிறு நன்னீர் மீன்தொட்டி வடிகட்டியின் வரலாறு

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் மரக்காணத்து உப்பளங்கள், தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெயர்பெற்றவை. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சென்னைக்கு உப்பேற்றிச் சென்ற படகுகள் ஓடிய பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இவ்வூரில்தான். ஊருக்குத் தெற்கே உள்ள கழுவெளி என்னும் பெருநீர்ப்பரப்பு, மழைக்காலத்தில் ஏரிகளின் உபரிநீரால் நன்னீராகவும், கோடையில் எடையன்திட்டு முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரால் உவர்நீராகவும் மாறிக்கொண்டே இருப்பது. 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரே நிலம் ஆண்டுக்குள் இருவகை நீரையும் காணும் இக்கரையில், ஒரு சிறு நன்னீர் மீன்தொட்டிக்கு எவ்வகை வடிகட்டி பொருந்தும் என்னும் கேள்வி, கடையில் எந்தக் கருவியை வாங்குவது என்பதோடு முடிவதில்லை. நீரைத் தெளியவைப்பதும் நீரை உயிர்வாழத் தக்கதாக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை மனிதர் எவ்வாறு, எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு அறிந்தனர் என்னும் வரலாற்றுக்குள் அது இட்டுச் செல்கிறது.

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் அறிவு தமிழ்நாட்டில் மிகப் பழையது. தேற்றா மரத்தின் விதையாகிய தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து, அதில் நீரை ஊற்றி வைத்தால், விதையிலிருந்து கரையும் பசைப்பொருள் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்து, கனத்த திரளாக்கி அடியில் படியவைக்கிறது. இம்மரத்துக்கு இல்லம் என்றொரு பழம்பெயரும் உண்டு, அதன் விதையால் நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே ஆண்டிருக்கிறது. மணலும் கரியும் நிரப்பிய பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சொட்டுச் சொட்டாக நீர் வடிக்கும் முறையும் பிற்காலத்தில் வீடுகளில் பரவியது. இவ்விரண்டும் குடிநீருக்கு ஏற்றவை, ஏனெனில் குடத்து நீரில் எதுவும் வாழ்வதில்லை. மீன் வாழும் நீரின் நிலை வேறு: மீன் தன் செவுள் வழியே இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது, தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன, கரைந்துள்ள இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரிவதுமில்லை, துணியிலோ மணலிலோ சிக்குவதுமில்லை. பளிங்குபோல் தெளிந்த தொட்டியில் மீன்கள் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உப்பள நீரின் நடப்பும் இங்கே அறியத்தக்கது. கடல்நீரோ உவர்நிலத்துக் கிணற்று நீரோ முதலில் அகன்ற தேக்கத்தில் நிறுத்தப்பட்டு, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளுக்குப் பாய்ச்சப்பட்டு, ஒவ்வொரு நிலையிலும் வெயிலில் செறிந்துகொண்டே போகிறது. செறிவை அளக்கும் போமே அளவையில் கடல்நீர் ஏறத்தாழ 3.5 பாகை, 13 பாகையை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்குகிறது, 25 பாகையை எட்டியபின் உப்பு விளைகிறது, 29, 30 பாகையை நெருங்கும்போது மக்னீசிய உப்புகளால் கசப்பேறி எஞ்சும் நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிடில் உப்பின் தரம் கெடும். இந்தப் பாத்திகள் உயிரற்றவை அல்ல. செறிவு குறைந்த பாத்திகளின் தரையில் நீலப்பசும்பாசி பாய்போல் படர்ந்து, நீர் மண்ணுக்குள் கசியாமல் அடைக்கிறது. மிகச் செறிந்த நீரில் வளரும் செந்நிற நுண்ணுயிர்கள் வெயிலின் வெப்பத்தை உறிஞ்சி நீர் விரைந்து ஆவியாக உதவுகின்றன. இடைப்பட்ட நீரில் வாழக்கூடிய ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் பாசித்துகள்களைத் தின்று நீரைத் தெளிவாக்குகிறது. அந்த இறாலின் குஞ்சுகள் மீன்குஞ்சுகளுக்குச் சிறந்த முதல் உணவு என்பதை 1933இல் கலிஃபோர்னியாவில் ஆல்வின் சீலும் 1939இல் நார்வேயில் குன்னார் ரோலெஃப்சனும் எடுத்துக்காட்டிய பிறகு, உப்பளங்களிலும் உப்பேரிகளிலும் ஒதுங்கும் அதன் முட்டைகள் உலகெங்கும் மீன் வளர்ப்போர் வீடுகளுக்குச் சென்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடி உப்பளங்களில் இவ்வுயிரி இயற்கையாகவே உண்டு. நீரைப் பக்குவப்படுத்துவதில் தரையில் படிந்த உயிர்ப்படலத்துக்குப் பங்கு உண்டு என்பது அளத்தொழிலில் இவ்வாறு நடைமுறையாகவே இருந்தது. மீன்தொட்டிக்காரர்கள் அதே உண்மையை எட்ட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்து ஆராயும் முயற்சியை 1832இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ழான் வில்ப்ரோ-பவர் என்னும் பெண் அறிஞர் தொடங்கினார். நன்னீர்த் தொட்டிக்கு அடித்தளமிட்டவர் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் அவர் சுமார் 12 காலன் கொள்ளும் பாத்திரத்தில் மணலும் சேறும் பரப்பி, இரண்டு தங்கமீன்களையும் நாடாபோல் இலை நீளும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். சில வாரங்களில் செடியின் அழுகிய இலைகளால் நீர் கலங்கிப் பச்சையேறியது. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளைச் சேர்த்ததும் நீர் தெளிந்து நிலைபெற்றது. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது, செடி வெளிவிடும் உயிர்வளியை மீன் ஏற்கிறது, அழுகலை நத்தை தீர்க்கிறது என்று அவர் 1850இல் வேதியியல் கழகத்தின் முன் விளக்கிய கருத்து, நீர் மாற்ற வேண்டாத சமநிலைத் தொட்டி என்னும் நம்பிக்கையாக ஐரோப்பா முழுவதும் பரவியது. 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிலிப் கோஸ் எழுதிய நூலால் அக்குவேரியம் என்னும் பெயர் நிலைத்தது. வாரிங்டனின் விளக்கத்தில் குறை ஒன்று இருந்தது: மூச்சின் கணக்கு அதில் இருந்தது, அம்மோனியாவின் கணக்கு இல்லை. அவருடைய தொட்டி நிலைத்ததற்குச் செடியும் நத்தையும் மட்டும் காரணமல்ல, அவர் பொருட்படுத்தாத அந்த மணலும் சேறும் காரணம்.

மணலின் ஆற்றல் அப்போதே வேறொரு துறையில் வேலை செய்துகொண்டிருந்தது. தேம்ஸ் ஆற்று நீரை இலண்டன் மக்களுக்கு வழங்கிய செல்சி குடிநீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இல் மெதுமணல் வடிகட்டியை அமைத்தார். பரந்த மணற்படுகையின்மேல் நீரை நிறுத்தி, மணிக்கு ஓரிரு சாண் ஆழத்துக்கு மேல் இறங்காதபடி மிக மெதுவாக வடியவிடும் முறை இது. முதலில் இதை வெறும் சல்லடையாகவே கருதினர்; மணலின் மேற்புறத்தில் வழவழப்பான உயிர்ப்படலம் உருவான பிறகே நீர் நன்கு தூய்மையாகிறது என்பதும், புதிதாகச் சுரண்டிய படுகை சில நாட்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தன. சென்னைக்கு இம்முறை தாமதமாகவே வந்தது. செங்குன்றம் ஏரியின் நீர் 1872இல் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டு வடிக்கப்படாமலே நகருக்கு வழங்கப்பட்டது. 1914இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கின. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்ட மெரினா மீன்காட்சியகம் அதற்கு முன்பே, 1909இல், திறக்கப்பட்டுவிட்டது. ஆசியாவின் தொடக்ககால மீன்காட்சியகங்களுள் ஒன்றான அது 1919இல் மீன்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் மூடப்பட்டது.

மணலுக்குள் நிகழ்வது என்ன என்பதை விடுவித்தவர்கள் மீன்வளர்ப்போர் அல்லர், வேளாண் வேதியியலாளர்கள். 1877இல் பிரான்சில் தியோபில் ஷ்லோசிங்கும் அஷீல் முன்ட்சும், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே புகுந்த அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் தென்படத் தொடங்கியது, நாளடைவில் அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறிற்று. வெறும் வேதிவினையானால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும் என்று கண்ட அவர்கள், குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றுபோயிற்று. ஆவியை நீக்கி, தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் சில நாட்களில் மாற்றம் மீண்டது. வேலை செய்வது மணல் அல்ல, மணலில் குடியேறிய உயிர் என்பது இதனால் உறுதியாயிற்று. இச்செய்தியைக் கேட்டு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப்பண்ணையில் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓர் உயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது மற்றோர் உயிர் என்று இரு படிகளாகப் பிரித்துக் காட்டியவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டனே: அவர் சமநிலைத் தொட்டியை அமைத்தவரின் மகன். தந்தையின் தொட்டியில் விடுபட்ட கணக்கை மகன் வயல்மண்ணில் கண்டெடுத்தார், ஆனால் அக்கணக்கைத் தொட்டியோடு பொருத்திப் பார்க்கும் காலம் அப்போது வந்திருக்கவில்லை. 1890இல் செர்கெய் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தபோது வேதியியல் விளக்கம் ஏறக்குறைய நிறைவுற்றது.

இருந்தும் வீட்டுத் தொட்டிகளில் வடிகட்டி வேறு வழியில் வளர்ந்தது. காற்றுப் பம்பு பரவிய பிறகு, குழாயினுள் எழும் காற்றுக்குமிழிகள் தம்மோடு நீரையும் மேலே இழுத்துச் செல்லும் எளிய தத்துவத்தில், தொட்டியின் மூலையில் வைக்கும் பெட்டி வடிகட்டி வந்தது. அதனுள் பஞ்சும் அடுப்புக்கரியைப் போன்ற செயலூட்டிய கரியும் அடைக்கப்பட்டன. கரி நிறத்தையும் வாடையையும் மருந்தின் எச்சத்தையும் பற்றிக்கொள்ளுமே தவிர அம்மோனியாவைப் பற்றாது. பஞ்சு அழுக்கேறியதும் தூக்கி எறியப்பட்டது, அதில் குடியேறத் தொடங்கிய நுண்ணுயிரும் அதனோடே போயிற்று. அடுத்து, தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டை வைத்து, அதன்மேல் பரப்பிய சரளைக்கல் வழியே நீரைக் கீழிழுக்கும் முறை வந்தது. அறிந்தோ அறியாமலோ அது சிம்ப்சனின் மணற்படுகையைத் தொட்டிக்குள் கொண்டுவந்தது. பின்னர், நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற செயற்கைப் பஞ்சின் வழியே நீரை இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், தொட்டியின் விளிம்பில் தொங்கும் வடிகட்டி, நீருக்குள் மூழ்கிய மோட்டாரால் இயங்குவதும் கடைகளில் பவர் ஃபில்டர் எனப்படுவதுமான வடிகட்டி, தொட்டிக்கு வெளியே மூடிய உருளைக்குள் நீரைச் செலுத்தும் கேனிஸ்டர் என்று வகைகள் பெருகின.

இக்கருவிகள் அனைத்தின் உண்மையான வேலை நுண்ணுயிருக்கு இடமும் உயிர்வளியும் அளிப்பதே என்ற அறிவை மீன்வளர்ப்போரிடம் பரவலாகக் கொண்டுசேர்த்ததில் 1970இல் வெளிவந்த ஸ்டீபன் ஸ்பாட்டின் நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்குப் பிறகும் வியப்புகள் ஓயவில்லை. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபேக்டர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998இல் டிமத்தி ஹோவானெக்கும் குழுவினரும் காட்டினர். பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா என்னும் வேறொரு குலத்து நுண்ணுயிரும் அம்மோனியாவை மாற்றவல்லது என்பதற்குச் சான்றான முதல் உயிரி, 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்துத் தொட்டியின் சரளையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. கடைகளில் புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றியவுடன் தொட்டி ஆயத்தமாகிவிடும் என்று நம்புவோர் இதை நினைவில் கொள்வது நல்லது: எந்த நீரில் எந்த உயிர் நிலைக்கும் என்பதை அந்த நீரே முடிவு செய்கிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகத்தான் செய்யும்.

வடிகட்டியின் வரலாறு ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தபோது, தொட்டிக்கான மீன்கள் சில இந்தக் கரையிலிருந்தே அறிவியலுக்குள் நுழைந்தன. தரங்கம்பாடியில் இருந்த டேனியப் படை அதிகாரி டால்டார்ஃப், பனையேறிக் கெண்டை 1791இல் பனைமரத்தில் ஏறக் கண்டதாக அனுப்பிய குறிப்பு இலண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. 1831இல் கியூவியேவும் வலென்சியனும் வெளியிட்ட மீன்நூலில் இடம்பெற்ற குப்பானஸ் என்னும் சிறுமீன், புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விரல் நீளமே வளரும் இம்மீன் வயல் வாய்க்காலிலும் குட்டையிலும், சற்றே உவர்த்த நீரிலும் வாழ்வது. இவ்விரு மீன்களுக்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான துணைச் சுவாச உறுப்பு இருப்பதால், நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே விழுங்கி மூச்சுவிட வல்லவை. குப்பானஸ் எச்சில் குமிழிகளால் கூடு கட்டி அதில் முட்டையிடும். இத்தகைய மீனின் தொட்டியில் வேகமாக நீரை அள்ளி வீசும் பவர் ஃபில்டரை வைத்தால், குமிழிக்கூடு சிதைவதோடு மீனும் ஓட்டத்தை எதிர்த்தே களைத்துப்போகும். அசையா நீரில் பிறந்த மீனுக்கு வேகமான வடிகட்டி கேடே செய்யும்.

மரக்காணக் கரையின் நீரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே மணல்மேட்டின் அடியில், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே கிணறுகளுக்கு ஆதாரம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர்ப்பு ஏறும். இத்தகைய கடலோரக் கிணற்று நீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து மிக்க கடினநீராகவும், கார அமில அளவையில் 7க்கு மேற்பட்டதாகவும் இருக்கும். அந்த அளவு 7இலிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவின் நஞ்சான வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. கோடை வெப்பம் அதை இன்னும் கூட்டுவதோடு நீரில் கரையும் உயிர்வளியையும் குறைக்கிறது, 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவில் இருப்பது 30 பாகையில் 7.5ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. மறுபுறம் இதே நீரில் நன்மைகளும் உண்டு. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் நீரின் காரத்தன்மையைத் தின்றே வேலை செய்வதால், சுண்ணாம்பு மிக்க நீரில் அவற்றுக்குத் தட்டுப்பாடு இல்லை. மேலும், இரத்தத்தைப் பழுப்பாக்கி மீனை மூச்சுத்திணறச் செய்யும் நைட்ரைட்டும் உப்பிலுள்ள குளோரைடும் செவுளில் ஒரே வழியாக நுழையப் போட்டியிடுவதால், நீரின் மெல்லிய உவர்ப்பு மீனுக்குக் காப்பாகிறது.

மின்சாரமும் இக்கரையில் கணக்கில் கொள்ள வேண்டியதே. 2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயலும் 2024 நவம்பர் 30இல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் காட்டியபடி, இங்கே மின்வெட்டு நாள்கணக்கில் நீளக்கூடும். மூடிய உருளைக்குள் இயங்கும் கேனிஸ்டரில் ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே உயிர்வளி தீர்ந்து, நுண்ணுயிர் மடிந்து அழுகத் தொடங்குகிறது. மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டுகிறது. தொட்டி நீரிலேயே திறந்து நிற்கும் பஞ்சுக்கு இந்தக் கேடு மெதுவாகவே வருகிறது, மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றே அதைக் காப்பாற்றப் போதுமானது.

ஆகவே இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள, சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டிக்கு, மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான கரையில் காற்றுப் பம்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே முதல் தேர்வாக நிற்கிறது. அதனோடு வேரூன்றிய செடிகள் சிலவும் இருந்தால் வேறு கருவி வேண்டியதில்லை. மணிக்கு நான்கு முறை தொட்டி நீர் சுழலவேண்டும் என்னும் பொதுவிதி பெரிய, விரைந்து நீந்தும் மீன்களுக்கானது. குப்பானஸ் போன்ற மீனுக்கு அதில் பாதியே மிகுதி. புதிய தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மீன்களைக் குறைவாக வைத்து, தீனியையும் குறைத்தே இட வேண்டும். பஞ்சை, பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீரில் ஒருபோதும் அலசக் கூடாது; நீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து மீண்டும் வைத்துவிட வேண்டும்.